ஆச்சியின் டேப்லெட்டும் அரைநாள் பேட்டரியும்

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி



"ஏட்டி, இது மறுபடியும் கண்ண மூடிட்டு!" என்று எங்கள் ஆச்சி குரல் கொடுத்தால், வீட்டில் அனைவருக்கும் பொருள் விளங்கிவிடும். ஆச்சி மடியில் வைத்து வாசித்துக்கொண்டிருந்த டேப்லெட் சார்ஜ் தீர்ந்து அணைந்துவிட்டது என்பதே அது. காலை ஆறு மணிக்கு நூறு சதவிகிதம் என்று பெருமையாகக் காட்டிய பேட்டரி, பதினொரு மணிக்கெல்லாம் கையை விரித்துவிடும். காலாண்டுத் தேர்வில் நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டு அரையாண்டில் தவறிப்போகும் மாணவியைப் போன்றது அது என்று அப்பா கேலி செய்வார்கள். (யாரை மனத்தில் வைத்துச் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை.)

ஆச்சிக்கு எண்பது வயது கடந்துவிட்டது. விழித்திரையின் நடுப்பகுதி பழுதுபட்டிருப்பதாகவும், மூக்குக் கண்ணாடியால் அதனைச் சரிசெய்ய இயலாது என்றும் கண் மருத்துவர் கூறினார். புத்தக எழுத்துகள் அவர்களுக்கு எறும்புக் கூட்டமாகத் தெரிகின்றன. ஆனால் டேப்லெட்டில் எழுத்தைப் புளியங்கொட்டை அளவுக்குப் பெரிதாக்கலாம் அல்லவா? அவ்வாறு பெரிதாக்கித்தான் அவர்கள் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' வாசிக்கின்றார்கள். 1950 முதல் 1954 வரை வாரப் பத்திரிகையில் அது தொடராக வந்தபோது, ஆச்சியின் தாயார் பக்கங்களைச் சேர்த்துத் தைத்துக் கட்டி வைத்திருந்தார்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் தூத்துக்குடி மாவட்டத்தில் பெய்த பெருமழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாகியது! அந்த வெள்ளம் எங்கள் வீட்டுக்குள்ளும் இடுப்பளவு வந்தது. பரணில் ஏற்ற மறந்த அந்தக் கட்டுகள் நீரில் ஊறிக் கூழாகிவிட்டன. முதல் பாகத்தின் பெயர் 'புது வெள்ளம்' என்பதை ஆச்சியே சொல்லிச் சிரித்தார்கள். பிறகு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

ஆகவே இந்த டேப்லெட் எங்கள் வீட்டில் விளையாட்டுப் பொருள் அன்று. 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டிருந்தபோது, ஐந்தாம் வகுப்பில் இருந்த எனக்குப் பாடம் கேட்பதற்காக அம்மா தம் வளையலை அடகு வைத்து வாங்கியது. இப்போது வயது ஐந்தைக் கடந்துவிட்டது. பேட்டரி தாங்கவில்லை என்று ஒரு கடைக்கு எடுத்துச் சென்றோம். கடைக்காரர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், "புதுசா ஒண்ணு வாங்கிருங்க" என்றார். அதற்குப் பணம் எங்கே? எங்கள் அறிவியல் சிஸ்டரிடம் இதைச் சொன்னபோது, "மின்னோட்டவியல் பாடம் நடத்தியாயிற்றே, அது எங்கே போகிறது என்று நீயே கண்டுபிடியேன்" என்றார்கள். அவ்வாறு வாசித்தும், கேட்டும், வீட்டில் சோதித்தும் அறிந்தவற்றையே இங்கு எழுத விழைகின்றேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஒரு தடவை சார்ஜ் ஏற்றினால் எத்தனை மணி நேரம் வாசிக்கலாம் என்பது ஒரு கேள்வி. அந்தப் பேட்டரி எத்தனை ஆண்டுகள் உழைக்கும் என்பது மற்றொரு கேள்வி. நான் தொடக்கத்தில் இரண்டையும் குழப்பிக்கொண்டு, முதல் கேள்விக்கு இரண்டாவதன் மருந்தைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

டேப்லெட்டுக்குள் இருப்பது லித்தியம் அயனி மின்கலம். இதற்கு அடிகோலிய ஜான் குடினஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அப்போது குடினஃப் அவர்களுக்கு வயது 97. நோபல் பரிசு பெற்றவர்களிலேயே மிக மூத்தவர் அவரே. 2023-இல் நூறு வயதில் காலமானார். இதனை ஆச்சியிடம் சொன்னபோது, "அப்போ எனக்கு இன்னும் நாள் கெடக்கு!" என்றார்கள். இவ்வகை மின்கலம் 1991-இல் சோனி நிறுவனத்தால் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது.

இது வேலை செய்யும் விதத்தைப் பல்லாங்குழி ஆட்டத்தோடு ஒப்பிடலாம். ஒரு பக்கக் குழி, நம் பென்சிலில் உள்ள கிராஃபைட். மறுபக்கக் குழி, கோபால்ட் போன்ற உலோகத்தின் ஆக்சைடு. லித்தியம் அயனிகள் சோழிகள். சார்ஜ் ஏற்றும்போது நாம் சோழிகளை எல்லாம் கிராஃபைட் குழிக்குத் தள்ளுகின்றோம். பயன்படுத்தும்போது அவை உள்ளே இருக்கும் திரவத்தின் வழியாக மறுபக்கத்துக்குத் திரும்புகின்றன. அவற்றுக்கு இணையான எலக்ட்ரான்களோ வெளிச்சுற்று வழியாகத்தான் போயாக வேண்டும். அந்த ஓட்டமே நமக்குக் கிடைக்கும் மின்சாரம். ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒன்றிரண்டு சோழிகள் இடுக்கில் சிக்கிக்கொண்டு ஆட்டத்துக்குத் திரும்புவதில்லை. பேட்டரி 'பழசாகிவிட்டது' என்று நாம் சொல்வதன் பொருள் பெரும்பாலும் இதுதான். சிக்கிய சோழியைத் திரும்ப எடுக்கும் வித்தை எதுவும் நம் கையில் இல்லை. மேலும் சிக்காமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவே.

இனி சிறு கணக்கு. எங்கள் டேப்லெட்டின் பெட்டியில் 5100 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்டிருந்தது. மின்னழுத்தம் ஏறத்தாழ 3.8 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் சுமார் 19 வாட் மணி வருகின்றது. நம் வீட்டில் எரியும் 9 வாட் எல்.இ.டி. பல்பை இதைக் கொண்டு எரித்தால் இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடும்! இவ்வளவுதான் மொத்தச் சொத்து. டேப்லெட் 4 வாட் வீதம் செலவழித்தால் ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். 2 வாட்டாகக் குறைத்தால் ஒன்பதரை மணி நேரம் வரும். பழைய பேட்டரிக்கு இரண்டுமே குறையும். ஆனாலும் செலவைப் பாதியாக்கினால் நேரம் இரட்டிக்கும் என்பது மாறாது. எனவே கேட்க வேண்டியது, வாசிக்கும்போது செலவு எதில் ஆகின்றது என்பதே.

பக்கம் திருப்புவதில் இல்லை. திருப்பும் ஒரு கணம் மட்டுமே உள்ளிருக்கும் கணினிக்கு வேலை. பிறகு நாம் வாசித்து முடிக்கும் வரை அது ஏறக்குறைய உறங்குகின்றது. உறங்காமல் எரிவது திரையின் விளக்கு. எங்களுடையதைப் போன்ற எல்.சி.டி. திரையில், பின்புறம் ஒரு விளக்குத் தட்டு எந்நேரமும் முழுப் பரப்புக்கும் எரிந்துகொண்டிருக்கும். கறுப்பு எழுத்து என்பது அந்த ஒளியை மறைக்கும் ஒரு திரைச்சீலை மட்டுமே.

இங்கேதான் நான் ஏமாந்தேன். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக மாற்றினால் பேட்டரி மிச்சமாகும் என்று என் வகுப்புத் தோழி சொன்னதை நம்பி, ஒரு வாரம் ஆச்சியை அப்படியே வாசிக்க வைத்தேன். "அமாவாசை ராத்திரியில படிச்ச மாதிரி இருக்கு பிள்ளே" என்று அவர்கள் முறையிட்டதுதான் மிச்சம். பின்விளக்கு அதே அளவில் எரிந்துகொண்டிருக்கும்போது திரைச்சீலையின் நிறத்தை மாற்றி என்ன பயன்? தோழி சொன்னது முழுப் பொய்யும் அன்று. ஓ.எல்.இ.டி. என்னும் வகைத் திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வது. அங்கே கறுப்பு என்றால் அந்தப் புள்ளி அணைந்துவிட்டது என்று பொருள். அதிலும் ஒரு நுட்பம் உண்டு. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தார் 2021-இல் இத்தகைய திரையுள்ள கைப்பேசிகளை ஆராய்ந்தனர். வெளிச்சத்தை முழுமையாக வைத்திருக்கும்போது கறுப்புப் பின்னணியால் 39 முதல் 47 சதவிகிதம் வரை மிச்சமாயிற்று. சாதாரணமாக உள்ளறையில் நாம் வைக்கும் 30 முதல் 50 சதவிகித வெளிச்சத்திலோ சராசரியாக 3 முதல் 9 சதவிகிதமே மிச்சமாயிற்று. ஆகவே எவ்வகைத் திரையானாலும் வெளிச்சத்தைக் குறைப்பதே பெரிய மிச்சம். நிறத்தை மாற்றுவது அதற்கு அடுத்தபடி.

வெளிச்சத்தை எவ்வளவு குறைக்கலாம்? முழு வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் வாசித்தபோது எங்கள் டேப்லெட்டில் 17 சதவிகிதம் இறங்கியது. கால்பங்குக்குக் குறைத்தபோது 8 சதவிகிதமே இறங்கியது. ஆனால் கால்பங்கு வெளிச்சம் எனக்குப் போதும், ஆச்சிக்குப் போதாது. அவர்கள் கண்ணுக்கு ஒளி வேண்டும். பேட்டரியைக் காப்பாற்றுவதற்காகக் கண்ணை வருத்துவது நியாயமா? ஆகவே வேறு வழி தேடினோம். ஆச்சியின் நாற்காலி முற்றத்தைப் பார்த்தபடி கிடந்தது. முற்றத்து வெயில் திரையில் பட்டுக் கண்ணைக் கூசச்செய்ததால்தான் அவர்கள் வெளிச்சத்தைக் கூட்டிக் கூட்டிக் கடைசிவரை கொண்டுபோயிருந்தார்கள். நாற்காலியை உட்புறச் சுவரோரம், வெயிலின் எதிரொளி படாதவாறு திருப்பிப் போட்டேன். எழுத்தையும் இன்னும் ஒரு படி தடிப்பாக்கினேன். பாதி வெளிச்சமே அவர்களுக்குப் போதுமானதாயிற்று. செலவில்லாத இந்த ஒரு காரியமே மற்ற எல்லாவற்றையும்விட மிகுந்த பலன் தந்தது.

மற்றொன்று, ஆச்சி வாசித்துக்கொண்டே கண்ணயர்ந்துவிடுவார்கள். பத்து நிமிடம் தொடாமல் இருந்தால்தான் திரை அணையும்படி முன்பு வைத்திருந்தோம். அதை இரண்டு நிமிடமாக்கினேன். "நான் தூங்கலை, யோசிச்சிட்டிருந்தேன்" என்று ஆச்சி சொல்வதை நம்புவோமாக!

விளக்குக்கு அடுத்தபடியாகச் செலவு வைப்பது, செய்தி அனுப்பும், வாங்கும் வானொலிப் பகுதி. அதாவது சிம் கார்டு, வைஃபை, புளூடூத் ஆகியவை. இதனை நான் கற்றுக்கொண்டது அந்த வெள்ளத்தின்போதுதான்.

முதல் நாள் இரவு மின்சாரம் நின்றுபோனது. அண்டை வீட்டு மாடியில் நாங்கள் ஏழு பேர் இருந்தோம். எல்லாருடைய கைப்பேசியும் ஒவ்வொன்றாக அணைந்துவிட்டது. எங்கள் டேப்லெட்டில் மட்டும் அறுபது சதவிகிதத்துக்கு மேல் இருந்தது. அதிலும் சிம் கார்டு உண்டு. காலையில் டவர் கிடைத்ததும் ஏரலில் இருந்த சித்தப்பாவுக்குப் பேசலாம் என்று எண்ணி, திரையை அணைத்துத் துணியில் சுற்றி, என் தலைமாட்டில் பத்திரமாக வைத்துக்கொண்டேன். விடிந்து எடுத்துப் பார்த்தால் உயிரே இல்லை! யாரும் தொடவில்லை. நான்தான் ஏதோ செய்துவிட்டேன் என்று வருந்தினேன். உண்மையில் நான் ஒன்று செய்யாமல் விட்டிருந்தேன். ஊரில் டவர்களும் மின்சாரமின்றி அணைந்திருந்தன. டவர் கிடைக்காத கருவி சும்மா இராது. 'இருக்கிறாயா, இருக்கிறாயா' என்று மீண்டும் மீண்டும் தேடிக்கொண்டே இருக்கும். தொலைவில் உள்ள டவரைப் பிடிக்க இன்னும் உரக்கக் குரல் கொடுக்கும். சந்தைக் கூட்டத்தில் எட்ட நிற்பவரை அழைக்க நாம் தொண்டை கிழியக் கத்துவதில்லையா, அதைப் போல. இரவு முழுதும் அது அவ்வாறு கத்தித் தன் பலத்தை எல்லாம் இழந்திருக்கின்றது. சித்தப்பா குடும்பம் பத்திரமாக இருக்கின்ற செய்தி எங்களுக்கு மூன்றாம் நாள்தான் கிடைத்தது. விமானப் படமிட்ட அந்த ஒரு பொத்தானை, அதாவது ஏரோபிளேன் மோடை, இரவில் அழுத்தி வைத்திருந்தால் காலையில் அரைப் பங்குக்கு மேல் மிச்சமிருந்திருக்கும். மழைக்காலத்தில் இதை மட்டுமாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தோழியரே.

வாசிப்பதற்கு இணையம் வேண்டியதில்லை. புத்தகத்தை முதலிலேயே இறக்கிவைத்துக்கொண்டால் போதும். 1998-ஆம் ஆண்டு தொடங்கிய மதுரைத் திட்டம் என்னும் தன்னார்வ முயற்சியில் சங்க இலக்கியம் முதல் நாட்டுடைமையாக்கப்பட்ட கல்கியின் நூல்கள் வரை இலவசமாகக் கிடைக்கின்றன. இயன்றவரை எழுத்து வடிவிலுள்ள பிரதியையே எடுங்கள். பக்கத்தைப் படம் பிடித்து வைத்த பிரதி எனில், எழுத்தைப் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே போய்விடும். இப்புறமும் அப்புறமும் இழுத்து இழுத்தே கை சோர்ந்துவிடும். ஒவ்வோர் இழுப்புக்கும் கருவி அப்படத்தை மறுபடி வரையவும் வேண்டும். பழைய அரிய நூல்கள் அவ்வடிவில்தான் கிடைக்கின்றன என்றால் வேறு வழியில்லை.

பின்னணியில் ஓடும் செயலிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. செட்டிங்ஸில் பேட்டரி என்னும் பகுதியைத் திறந்தால் எது எவ்வளவு தின்றது என்று அதுவே பட்டியலிடும். என் தம்பி நிறுவியிருந்த இரு விளையாட்டுகள் முன்வரிசையில் இருந்தன. அவை இப்போது இல்லை. தம்பி என்னிடம் பேசுவதும் இல்லை. ஆனால் செயலிகளை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை விரலால் தள்ளித் தள்ளி மூடுவது வீண் வேலை. மறுபடி திறக்க அதைவிட அதிகம் செலவாகும்.

இனி இரண்டாவது கேள்வி. பேட்டரி ஆண்டுக்கணக்கில் உழைக்க என்ன செய்வது?

எங்கள் மாமா, "முழுசா எறங்குன பெறகுதான் சார்ஜ் போடணும், இல்லன்னா பேட்டரி கெட்டுரும்" என்று உறுதியாகச் சொல்வார்கள். அவர்கள் சொன்னது ஒரு காலத்தில் சரி. அக்காலத்து நிக்கல் காட்மியம் மின்கலங்களுக்கு அந்தக் குறை உண்டு. லித்தியம் அயனிக்கு அது பொருந்தாது. மாறாக, அடிக்கடி சுழியம்வரை இறக்குவது இதற்குக் கெடுதல். எப்போதும் நூறு சதவிகிதத்திலேயே நிறுத்தி வைப்பதும் கெடுதலே. குழி நிரம்பி வழியும்போது சோழிகளுக்கு நெருக்கடி என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபதுக்கும் எண்பதுக்கும் நடுவே வைத்துக்கொள்வது நலம். பகலில் இரண்டு தடவை சிறிது சிறிதாக ஏற்றினால் ஆயுள் குறையும் என்று அஞ்ச வேண்டாம். ஐம்பது சதவிகிதம் வீதம் இரு தடவை ஏற்றினால் அது ஒரு முழுச் சுற்றாகவே கணக்காகும்.

எல்லாவற்றிலும் கொடிய பகைவன் வெப்பம். பயன்படுத்தாமல் ஓர் ஆண்டு சும்மா வைத்த மின்கலத்தில் எவ்வளவு கொள்திறன் எஞ்சும் என்று ஓர் அட்டவணை கண்டேன். 40 சதவிகிதம் சார்ஜோடு 25 டிகிரி செல்சியஸில் வைத்தால் 96 சதவிகிதம் எஞ்சுகிறது. அதே வெப்பநிலையில் முழுச் சார்ஜோடு வைத்தால் 80. 40 டிகிரியில் முழுச் சார்ஜோடு வைத்தாலோ 65 தான்! நம் ஊர்ச் சித்திரை வெயிலில் ஓட்டுக் கூரையின் கீழ் என்ன வெப்பம் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நாங்கள் அதை ஃபிரிட்ஜின் தலைமேல் வைத்து, இரவு முழுதும் சார்ஜரில் போட்டிருந்தோம். ஃபிரிட்ஜ் உள்ளே குளிர்ந்தாலும் வெளியே வெப்பத்தை விடுகின்றதே! வெப்பமும் நிறைசார்ஜும் ஒருசேர, ஐந்து ஆண்டுகள். பேட்டரி தேய்ந்ததில் வியப்பில்லை. (ஃபிரிட்ஜுக்குள் வைக்கலாமே என்று தம்பி யோசனை சொன்னான். வெளியே எடுத்ததும் உள்ளே நீர் கோத்துவிடும் என்பதால் அதுவும் கூடாது.)

இப்போது ஜன்னலோர மேசையில், தோலுறையைக் கழற்றி வைத்துவிட்டு, மாலை காப்பி நேரத்தில் சார்ஜ் போடுகின்றோம். எண்பதைத் தொட்டதும் எடுத்துவிடுவது என் பொறுப்பு. புதிய டேப்லெட்டுகள் பலவற்றில் எண்பதோடு தானே நிறுத்திக்கொள்ளும் வசதி உண்டு. எங்களுடையதில் இல்லை. மின்தடை அறிவித்திருந்தாலோ, பயணம் செல்வதாயிருந்தாலோ முதல் நாள் நூறுவரை ஏற்றிக்கொள்வதில் தவறில்லை. கருவி நமக்காகத்தானே?

பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை. டேப்லெட்டின் முதுகு உப்பியிருந்தாலோ, திரை ஒருபுறம் தூக்கிக்கொண்டு நின்றாலோ உடனே பயன்படுத்துவதை நிறுத்திவிடுங்கள். சார்ஜில் போட வேண்டாம். அமுக்கிப் பார்க்கவோ, குத்திப் பார்க்கவோ கூடாது. உள்ளே வாயு சேர்ந்திருக்கின்றது. தீப்பற்றக்கூடும். தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் ஏற்றுவதும் இக்காரணத்தால் ஆபத்து.

வாசிப்பதற்கென்றே மின்தாள் திரையுள்ள கருவிகள் இருப்பதையும் சொல்ல வேண்டும். 2007-இல் அமேசான் நிறுவனம் வெளியிட்ட கிண்டில் அவ்வகையது. அதன் திரையில் பக்கம் மாறும்போது மட்டுமே மின்சாரம் செலவாகும். மாறிய எழுத்து மின்சாரமின்றியே நிற்கும். ஒரு தடவை சார்ஜ் ஏற்றினால் வாரக்கணக்கில் வரும். என்றாவது சம்பாதிக்கும்போது ஆச்சிக்கு ஒன்று வாங்கித் தர வேண்டும் என்பது என் ஆசை.

இத்தனையும் செய்ததில் டேப்லெட் புதிதாகிவிட்டதா என்றால், இல்லை. தேய்ந்தது தேய்ந்ததுதான். எண்பதோடு சார்ஜை நிறுத்திய பிறகும், முன்பு பகல் பதினொரு மணிக்கு அணைந்தது, இப்போது பிற்பகல் இரண்டு மணிவரை தாங்குகின்றது. நூறு வரை ஏற்றிய நாளில் மாலை நான்கையும் தாண்டுகின்றது. மற்றொரு கடையில் பேட்டரியை மட்டும் மாற்றித் தருவதாகக் கூறியிருக்கின்றார்கள். என் பொதுத்தேர்வு முடிந்ததும் பார்க்கலாம் என்று அப்பா சொல்லியிருக்கின்றார்கள்.

நாளை எங்கள் பகுதியில் பராமரிப்புப் பணிக்காகக் காலை ஒன்பது முதல் மாலை ஐந்துவரை மின்தடை. ஆச்சி நான்காம் பாகமான 'மணிமகுட'த்தில் பாதி தாண்டிவிட்டார்கள். நாளைக்குள் அதை முடித்துவிட வேண்டுமாம். நான் இன்றிரவு நூறுவரை சார்ஜ் ஏற்றி, விமானப் பொத்தானை அழுத்தி, அவர்கள் நாற்காலிக்குப் பக்கத்தில் வைக்கப் போகின்றேன்.